எஃப்-1 மாணவர்களின் சீவிஸ் பதிவு: கல்லூரி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடலாமா?

பொன்னிக்கரை

அமெரிக்காவில் எஃப்-1 மாணவர் விசாவில் படித்துக்கொண்டிருப்பவர்கள், அடுத்த வருடம் வரப்போகிறவர்கள், அவர்களுடைய பெற்றோர் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். மிட்வெஸ்டில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் டிஎஸ்ஓவாக, அதாவது விசா மாணவர்களின் பதிவைக் கவனிக்கும் அதிகாரியாக, வேலை பார்க்கிறேன். மாணவரைச் சேர்த்துக்கொண்டதற்குக் கல்லூரி தரும் ஐ-20 படிவத்தைக் கொடுப்பது, அதில் கையெழுத்துப் போடுவது, மாணவர் என்ன நிலையில் இருக்கிறார் என்பதை சீவிஸில் (வெளிநாட்டு மாணவர்களைக் கண்காணிக்கும் அமெரிக்க அரசின் கணினிப் பதிவேடு) ஏற்றுவது, இவைதான் என் அன்றாட வேலை. ஒவ்வொரு செமஸ்டரும் நம் பிள்ளைகள் ஒரே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். "அதெல்லாம் ஆபீஸில் பார்த்துப்பாங்க" என்ற நினைப்பு.

ஆபீஸுக்குத் தெரிந்தால்தானே பார்க்க முடியும்? நீங்கள் வீடு மாறியது, மேஜர் மாற்றியது, ஒரு பாடத்தை நடுவில் விட்டது, ஓபிடியில் (படித்த துறையில் வேலை பார்க்க மாணவருக்குத் தரும் அனுமதி) வேலை கிடைத்தது, அந்த வேலை போனது, இதில் பாதி நீங்கள் சொன்னால் ஒழிய எங்களுக்குத் தெரியவே வழியில்லை. சீவிஸ் 2003இலிருந்து நடப்பில் இருக்கிறது, குடியேற்ற அமலாக்கத் துறையான ஐசிஇயின் கீழுள்ள எஸ்இவிபி என்ற மாணவர் விசாப் பிரிவு அதை நடத்துகிறது, விசாவுக்கு முன்னால் நீங்கள் கட்டும் 350 டாலர் ஐ-901 கட்டணம் இதற்குத்தான் போகிறது. அதில் எழுதும் கை எங்களுடையது. ஆனால் அதில் தவறு இருந்தால் விமானநிலையத்தில் நின்று பதில் சொல்வது நீங்கள்.

வீடு மாறினால் 10 நாளுக்குள் கல்லூரிக்குச் சொல்ல வேண்டும், அதன் பிறகு 21 நாளுக்குள் நாங்கள் சீவிஸில் ஏற்ற வேண்டும். நீங்கள் உண்மையில் குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும், தபால்பெட்டி எண்ணோ டிபார்ட்மெண்ட் முகவரியோ செல்லாது. அப்புறம் புதிதாக வருகிறவர்கள்: தரையிறங்கி, அறை பிடித்து, வகுப்புக்கும் போய்விட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். பாஸ்போர்ட், விசா, ஐ-94 (நாட்டுக்குள் வந்ததற்கான பதிவு) நகல்களோடு உள்ளூர் முகவரியையும் கொடுத்து செக்-இன் முடிக்க வேண்டும். ஐ-20இல் போட்டிருக்கும் தொடக்கத் தேதியிலிருந்து 30 நாளுக்குள் நாங்கள் உங்களைப் பதிவு செய்தாக வேண்டும். நீங்கள் தினமும் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் அந்தப் பதிவு நடக்கவில்லை என்றால் கணக்கில் நீங்கள் வந்தே சேரவில்லை.

கேள்வி இருந்தால் கேளுங்கள். நான் வக்கீல் இல்லை, என் வேலைக்கு உட்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

காரைக்குடி_இளவல்

அக்கா, சரியான நேரத்தில் போட்டிருக்கிறீர்கள். டெக்சாஸில் எம்எஸ், இப்போதுதான் முதல் செமஸ்டர். மூன்று பாடம், மொத்தம் 9 கிரெடிட். அதில் ஒரு பாடம் சுத்தமாகப் பிடிபடவில்லை, மிட்டெர்மில் விழுந்துவிட்டேன், ஜிபிஏ அடிபடும் என்று சீனியர்கள் டிராப் பண்ணச் சொல்கிறார்கள். டிராப் பண்ணக் கடைசி நாள் இந்த வெள்ளிக்கிழமை. போர்ட்டலில் ஒரு கிளிக்தான். பண்ணிவிட்டு அப்புறம் டிஎஸ்ஓவிடம் சொல்லலாமா? அப்பாயிண்ட்மெண்ட் கேட்டால் அடுத்த வாரம்தான் தருகிறார்கள்.

பொன்னிக்கரை

தம்பி, கிளிக் பண்ணாதே. முதலில் அனுமதி, அப்புறம்தான் டிராப். இந்த வரிசை மாறக் கூடாது.

உன் கல்லூரியில் எம்எஸ்ஸுக்கு 9 கிரெடிட்தான் முழுநேரம் என்றால், 6க்கு இறங்கும் நிமிடமே நீ மாணவர் விசா நிலை தவறியவன். இளநிலைக்கு இது 12 கிரெடிட். அதற்குக் கீழே போக வேண்டுமானால் டிஎஸ்ஓ முன்கூட்டியே சீவிஸில் குறைந்த பாடச்சுமை அனுமதி ஏற்றியிருக்க வேண்டும். நடந்த பிறகு பின்தேதியிட்டுக் கொடுக்க எங்களுக்கு அதிகாரம் இல்லை. மனசு இருந்தாலும் முடியாது. அப்படிச் சொல்லி அனுப்பிவைத்த முகங்கள் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

காரணமும் விதியில் இருப்பதாக இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஆரம்பச் சிரமம், வாசிக்கச் சொல்லும் அளவைச் சமாளிக்க முடியாத சிரமம், அமெரிக்கப் பாடமுறை பழக்கமில்லாதது, உன் தரத்துக்குப் பொருந்தாத பாடத்தில் சேர்த்துவிட்டது, இவை படிப்பு சார்ந்த காரணங்கள். இதை ஒரு படிப்புநிலைக்கு ஒரே தடவைதான் பயன்படுத்தலாம், குறைந்தது பாதிச் சுமையாவது வைத்திருக்க வேண்டும், அடுத்த செமஸ்டர் முழுநேரத்துக்குத் திரும்பிவிட வேண்டும். உடல்நிலை என்றால் வேறு வழி: மருத்துவர் கடிதம் வேண்டும், தேவைப்பட்டால் ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்கலாம், ஆனால் ஒரு படிப்புநிலையில் மொத்தம் 12 மாதம்தான். கடைசி செமஸ்டரில் மிச்சமிருப்பது ஒரே பாடம் என்றால் அதற்கும் அனுமதி உண்டு. "ஜிபிஏ குறையும்" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பணக்கஷ்டமும் இல்லை.

அப்பாயிண்ட்மெண்டுக்குக் காத்திருக்காதே. இன்றைக்கே மின்னஞ்சல் போடு. தலைப்பிலேயே "வெள்ளிக்கிழமை டிராப் கெடு, குறைந்த சுமை அனுமதி வேண்டும்" என்று எழுது, மாணவர் எண்ணைச் சேர். வாக்-இன் நேரம் இருந்தால் காலையில் முதல் ஆளாகப் போய் நில். பேராசிரியரிடமோ அகாடமிக் அட்வைசரிடமோ இரண்டு வரி கடிதம் வாங்கிக்கொண்டு போனால் வேலை இன்னும் சீக்கிரம் முடியும்.

ஒன்று கவனி, அகாடமிக் அட்வைசர் வேறு, டிஎஸ்ஓ வேறு. அட்வைசர் "தாராளமா டிராப் பண்ணு" என்பார். அவர் பார்ப்பது உன் டிகிரியை மட்டும்தான், விசா அவர் பொறுப்பில்லை.

மாமல்லன்_டல்லாஸ்

ஸ்டெம் ஓபிடியில், அதாவது அறிவியல், தொழில்நுட்பப் படிப்புக்காரர்களுக்குக் கிடைக்கும் ஓபிடி நீட்டிப்பில், இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், படிப்பு முடிந்ததும் இந்தக் கவலையும் முடிந்தது என்று நினைக்கிற கூட்டம் பெரிது. உண்மையில் அப்போதுதான் கூடுகிறது. படிக்கும்போது வருடத்துக்கு இரண்டு தடவையாவது அந்த அலுவலகத்தின் மின்னஞ்சலைப் பார்ப்போம். வேலைக்கு வந்ததும் கல்லூரி மின்னஞ்சலையே திறப்பதில்லை, சில கல்லூரிகளில் அந்தக் கணக்கே முடங்கிப்போகிறது.

முதல் 12 மாத ஓபிடியில் வேலையில்லாமல் இருக்க மொத்தம் 90 நாள்தான். ஸ்டெம் நீட்டிப்பும் வாங்கினால் இரண்டுக்கும் சேர்த்து 150. வேலை இருந்தும், எஸ்இவிபி போர்ட்டலில் கம்பெனி பெயரை ஏற்றாமல் விட்டுவிட்டால் அந்த நாட்கள் வேலையில்லாத நாட்களாகவே ஓடும். என்னோடு அறையில் இருந்த பையனுக்கு இதுதான் நடக்க இருந்தது. முதல் நாளே வேலையில் சேர்ந்துவிட்டான், ஆஃபர் லெட்டர் கையில் இருக்கிறது, போர்ட்டலில் மட்டும் ஒன்றும் இல்லை. எங்கள் சமையல் வாட்சப் குழுவில் எதேச்சையாகப் பேச்சு வந்ததால் தப்பித்தான்.

ஸ்டெம் நீட்டிப்பில் 24 மாதம். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை முகவரி, கம்பெனி விவரம் எல்லாம் சரிதான் என்று உறுதிசெய்ய வேண்டும். ஐ-983 பயிற்சித் திட்டத்தில் 12 மாதம் முடிந்ததும் ஒரு மதிப்பீடு, கடைசியில் ஒன்று, இரண்டிலும் மேலாளர் கையெழுத்து வேண்டும். சம்பளம் குறைந்தால், வேலை நேரம் குறைந்தால், வேலையின் தன்மை மாறினால் புதிய ஐ-983. கன்சல்டன்சியில் இருப்பவர்கள் ஒரு கிளையண்டிலிருந்து இன்னொரு கிளையண்டுக்கு மாறும்போது இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். சம்பளம் கொடுப்பவர் அதே ஆள்தானே என்று விட்டுவிடுகிறார்கள், அங்கே பயிற்சியும் மேற்பார்வையும் மாறியிருக்கும்.

இன்னொன்று, கல்லூரியிடம் முகவரி மாற்றிவிட்டால் குடியேற்ற விண்ணப்பங்களைப் பார்க்கும் யுஎஸ்சிஐஎஸ்ஸுக்குத் தானாகப் போய்விடும் என்று இருக்காதீர்கள். விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது வீடு மாறினால் அங்கேயும் தனியாக மாற்ற வேண்டும். இல்லையென்றால் வேலை அனுமதி அட்டையான இஏடி கார்டு பழைய வீட்டுத் தபால்பெட்டியில் கிடக்கும்.

தில்லைநகர்_அப்பா

வணக்கம் மேடம். திருச்சியிலிருந்து எழுதுகிறேன். மகளுக்கு வரும் ஆகஸ்டில் சேர ஐ-20 வந்திருக்கிறது. பாஸ்போர்ட்டில் சர்நேம் இடம் காலி, அவள் பெயர், என் பெயர் இரண்டும் கிவன் நேமில்தான் உள்ளது. ஐ-20இல் இரண்டு பெயரும் சர்நேம் இடத்தில் இருக்கிறது, கிவன் நேம் காலி. ஏஜென்ட் "எல்லாருக்கும் இப்படித்தான் வரும், கவலைப்படாதீங்க" என்கிறார். தவறாக இருக்குமோ என்று தூக்கம் வரவில்லை.

பொன்னிக்கரை

சார், கவலைப்படாதீர்கள், இது தவறில்லை. நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் சந்திக்கும் விஷயம் இது. நம்மிடம் குடும்பப்பெயர் கிடையாது, அப்பா பெயரோ இனிஷியலோதான். சீவிஸில் சர்நேம் இடம் காலியாக இருக்க முடியாது. அதனால் பாஸ்போர்ட்டில் ஒரே கட்டத்தில் பெயர் இருந்தால் முழுப் பெயரும் அங்கே போகும், கிவன் நேம் காலியாக விடப்படும். விசாவில் அந்தக் காலி இடத்தில் எஃப்என்யு என்று அச்சாகி வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதற்கான குறி அது, உங்கள் மகள் பெயரில் ஒரு பகுதி இல்லை.

கஷ்டம் அதன் பிறகுதான் வரும். கல்லூரிக் கணக்கில் ஒரு மாதிரி, சோஷியல் செக்யூரிட்டி கார்டில் ஒரு மாதிரி, ஓட்டுநர் உரிமத்தில் வேறு மாதிரி என்று போய், நாலு வருடம் கழித்து வேலையில் சேரும்போது எதுவும் எதனோடும் பொருந்தாது. விசா நேர்காணலுக்கு இன்னும் போதிய நாள் இருந்தால், பாஸ்போர்ட் சேவா மையத்தில் சர்நேம் பிரித்து மறுவழங்கல் வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் சொல்வேன். வாங்கியதும் கல்லூரிக்கு அனுப்பி ஐ-20ஐத் திருத்தச் சொல்லுங்கள். விசா விண்ணப்பமான டிஎஸ்-160, ஐ-901 ரசீது, ஐ-20 மூன்றும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். நாள் இல்லை என்றால் இப்படியே வரட்டும், உள்ளே வருவதற்குத் தடையில்லை. வந்திறங்கிய வாரமே ஐ-94ஐ இணையத்தில் எடுத்துப் பெயரும் பிறந்த தேதியும் சரியா என்று பார்க்கச் சொல்லுங்கள். அங்கே எழுத்துப்பிழை இருந்தால் உடனே திருத்துவது சுலபம், ஆறு மாதம் கழித்துப் போனால் சிரமம்.

செங்கல்பட்டு_செல்வி

எல்லாம் சரி, ஆனால் 2025 ஏப்ரலை மறந்துவிட்டுப் பேசுகிறோம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆயிரக்கணக்கான மாணவர்களின் சீவிஸ் பதிவை ஐசிஇயே நேரடியாக முடித்தது. கல்லூரிக்குச் சொல்லவில்லை, மாணவருக்கும் சொல்லவில்லை. போலீஸ் ஆவணங்களோடு பெயரை ஒப்பிட்டுப் பார்த்து, வழக்கு தள்ளுபடியானவர்களையும், போக்குவரத்து விதிமீறல் மட்டும் உள்ளவர்களையும் சேர்த்தே முடித்தார்கள். முகவரியை நேரத்துக்கு மாற்றியவர்கள், 9 கிரெடிட்டும் எடுத்தவர்கள்தான் அதில் நிறையப் பேர். எவ்வளவு ஒழுங்காகப் பதிவு வைத்திருந்தாலும் ஒரு நாள் காலையில் அழித்துவிடுவார்கள் என்றால், இந்த 10 நாள், 21 நாள் கணக்கெல்லாம் எதற்கு? கோபமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். என் கல்லூரியில் ஒரு பெண் இரண்டு வாரம் லேபுக்கே வராமல் அறையில் அழுதுகொண்டிருந்தாள்.

பொன்னிக்கரை

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது, செல்வி. அந்த நாட்களில் நாங்கள் காலையில் சீவிஸைத் திறந்து ஒவ்வொரு மாணவர் பெயராகத் தேடிப் பார்த்தோம். வேறு வழியில் எங்களுக்குத் தெரிவிக்கவே இல்லை.

ஆனால் அதன் பிறகு நடந்ததையும் பார்க்க வேண்டும். மாணவர்கள் பல மாநிலங்களில் நீதிமன்றம் போனார்கள், நீதிபதிகள் இடைக்காலத் தடை கொடுத்தார்கள், ஏப்ரல் 25ஆம் தேதி அரசு வக்கீல்களே பதிவுகளைத் திருப்பித் தருவதாகச் சொன்னார்கள். நீதிமன்றத்தில் "நான் நிலை தவறவில்லை" என்று சொல்பவர் அதற்கு எதைக் காட்டுவார்? டிரான்ஸ்கிரிப்ட், ஒவ்வொரு ஐ-20, முகவரி மாற்றியதற்கான மின்னஞ்சல், சம்பள ரசீது. இவற்றைத் தன் கையில் வைத்திருந்தவரின் வக்கீலுக்கு ஒரே நாளில் மனு தயார். கல்லூரி மின்னஞ்சல் முடங்கியவர், பழைய ஐ-20ஐத் தூக்கிப் போட்டவர், அவருக்கும் அதே நியாயம்தான், நிரூபிக்க மட்டும் நாளாகும். பதிவை ஒழுங்காக வைத்திருந்தால் அநியாயமே நடக்காது என்று நான் சொல்லவில்லை. நடந்தால் எழுந்து நிற்க அது வேண்டும்.

அதனால் எல்லா ஐ-20யையும் வைத்திருங்கள், புதியது வந்ததும் பழையதைக் கிழிக்காதீர்கள். சொந்த மின்னஞ்சலுக்கு ஒரு நகல் அனுப்பிவைத்துக்கொள்ளுங்கள். எச்-1பி வேலை விசா, கிரீன் கார்டு என்று போகும்போது பத்து வருடத்துக்கு முந்தைய சிபிடி (படிக்கும்போதே பாடத்தின் பகுதியாக வேலை பார்க்கும் அனுமதி) ஐ-20ஐக் கேட்பார்கள். கல்லூரியிடம் அது இருக்கும் என்று சொல்ல முடியாது. நீங்கள் படிப்பை முடித்துப் போன பிறகு 3 வருடம் வரைதான் விதி எங்களைக் கட்டுப்படுத்துகிறது.

ஏரிக்கரை_வாசகன்

இந்த அமைப்பு ஏன் வந்தது என்பதும் தெரிந்திருந்தால் நல்லது. 1993 உலக வர்த்தக மையக் குண்டுவெடிப்பில் தண்டனை பெற்ற ஒருவர் மாணவர் விசாவில் வந்து படிப்பை விட்டவர். அதன் பிறகு 1996இல் மாணவர் விவரத்தை மின்னணு முறையில் திரட்டச் சொல்லிச் சட்டம் வந்தது, கல்லூரிகள் எதிர்த்தன, ஆமை வேகத்தில் நகர்ந்தது. 2001 செப்டம்பருக்குப் பிறகு எல்லாம் மாறியது. 2002 மார்ச்சில், அதாவது தாக்குதல் நடந்து ஆறு மாதம் கழித்து, அதில் இறந்துபோன இரண்டு கடத்தல்காரர்களின் மாணவர் அந்தஸ்து அங்கீகாரக் கடிதம் ஃபுளோரிடாவில் அவர்கள் படித்த விமானப் பயிற்சிப் பள்ளிக்குத் தபாலில் வந்து சேர்ந்தது. அந்த அவமானத்துக்குப் பிறகு யாரும் தாமதிக்கவில்லை.

நம் பக்கத்து மாநில மாணவர்கள் அடிபட்ட கதையும் இருக்கிறது. 2011 ஜனவரியில் கலிபோர்னியாவில் டிரை-வேலி பல்கலைக்கழகத்தை மூடினார்கள். பிரிக்கப்படாத ஆந்திரத்திலிருந்து போன பிள்ளைகள்தான் அதிகம். மாணவர்களில் பாதிக்கு மேல் சன்னிவேலில் ஒரே ஓர் அபார்ட்மெண்டில் குடியிருப்பதாகப் பதிவில் காட்டியிருந்தார்கள். முகவரி என்ற ஒரு கட்டம் எவ்வளவு பேசும் பாருங்கள். சில மாணவர்களின் காலில் நடமாட்டத்தைக் கண்காணிக்கும் ரேடியோ பட்டை கட்டினார்கள். நடத்தியவருக்கு 2014இல் பதினாறரை வருடச் சிறை. வகுப்பே வேண்டாம், முதல் நாளிலிருந்து வேலை பார்க்கலாம் என்று சொல்லும் கல்லூரியை இன்றைக்கும் ஏஜென்ட்கள் விற்கிறார்கள்.

காரைக்குடி_இளவல்

அக்கா, நன்றி. காலையில் வாக்-இன் போனேன். பாடத்தில் என்னைச் சேர்த்ததே தவறு, அதற்கு முந்தைய அடிப்படைப் பாடம் நான் படிக்கவில்லை என்று பேராசிரியர் எழுதிக் கொடுத்தார். அனுமதி ஏற்றிவிட்டு, புது ஐ-20 கையில் வந்த பிறகுதான் போர்ட்டலில் டிராப் பண்ணச் சொன்னார்கள். ஐ-20இல் குறைந்த சுமை என்று தேதியோடு அச்சாகியிருக்கிறது. அடுத்த செமஸ்டர் 9 கண்டிப்பாக எடுக்க வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

புதுக்கோட்டையார்

பொன்னிக்கரை அவர்களுக்கு ஒரு கேள்வி, இந்த முறை அலுவலகப் பக்கத்திலிருந்து. ஒரு சின்னக் கம்யூனிட்டி காலேஜில் அட்மிஷன் வேலை பார்க்கிறேன். எங்கள் டிஎஸ்ஓ ஓய்வு பெற்றதும் அந்தப் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் இருப்பது ஒரு எக்செல், ஒரு இரும்பு அலமாரி நிறையக் கோப்புகள். வெளிநாட்டு மாணவர்களைச் சேர்ப்பதற்கான எஸ்இவிபி சான்றிதழுக்கு இன்னும் சில மாதத்தில் மறுசான்றிதழ் வருகிறது. எங்கிருந்து தொடங்குவது? நிர்வாகம் சாப்ட்வேர் வாங்கிவிட்டால் போதும் என்கிறது.

பொன்னிக்கரை

சார், சாப்ட்வேர் நல்லதுதான். சன்ஆப்சிஸ், டெரா டாட்டா மாதிரியானவை மாணவர் தரவுத்தளத்திலிருந்து எடுத்து மொத்தமாக சீவிஸுக்கு அனுப்பும். பல்லாயிரம் மாணவர்கள் இருக்கும் இடத்தில் அது இல்லாமல் முடியாது. உங்கள் அளவுக்கு எக்செலே போதும், அதில் இருப்பது உண்மையாக இருந்தால். தப்பான முகவரியைச் சாப்ட்வேர் இன்னும் வேகமாக அனுப்பும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு மாணவருக்கும் கோப்பில் இருக்க வேண்டியவை: நீங்கள் கொடுத்த ஐ-20 நகல், சேர்க்கையின்போது தகுதியைப் பார்த்து முடிவெடுத்ததற்கான தாள்கள், செமஸ்டர்வாரியாக எடுத்த கிரெடிட், தற்போதைய முகவரி, படிப்பை முடித்த அல்லது விட்ட தேதியும் காரணமும். இதைத் தனி ஒரு மாணவருக்கு அரசு கேட்டால் மூன்று வேலைநாளில் கொடுக்க வேண்டும், ஒரு கூட்டத்துக்கே கேட்டால் பத்து வேலைநாள். உங்கள் அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கோப்புகளை எடுத்து, சீவிஸ் திரையோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கே ஓட்டை என்று அன்று மாலையே தெரிந்துவிடும். பெரும்பாலும் குறைந்த சுமை அனுமதி சீவிஸில் இருக்கும், ஏன் கொடுத்தோம் என்ற கடிதம் கோப்பில் இருக்காது.

மறுசான்றிதழ் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை. அந்தச் சான்றிதழுக்குக் கல்லூரி கொடுக்கும் ஐ-17 படிவத்தில் உள்ள வளாக முகவரிகள், நடத்தும் படிப்புகள், டிஎஸ்ஓ பெயர்கள் இப்போதைய நிலையோடு பொருந்துகிறதா என்று முதலில் பாருங்கள். ஓய்வு பெற்றவர் பெயர் இன்னும் அதில் இருக்கிறதா என்பதையும். உங்களுக்கு சீவிஸ் அனுமதி கிடைக்கும் முன்பு அவருடைய கணக்கில் நுழைந்து எதையும் செய்யாதீர்கள், நிர்வாகம் எவ்வளவு நெருக்கினாலும்.

நிர்வாகத்திடம் காட்ட ஒரு உதாரணம் வேண்டுமானால் ஹார்வர்டைச் சொல்லுங்கள். 2025 ஏப்ரலில் மாணவர் ஆவணங்களைக் கேட்டது அரசு. கொடுத்தது போதவில்லை என்று மே 22ஆம் தேதி சான்றிதழையே ரத்து செய்தது. மறுநாளே பாஸ்டன் நீதிமன்றம் தடை போட்டது. அவர்களிடம் வக்கீல் படை இருந்தது. ஒரு கம்யூனிட்டி காலேஜுக்கு அப்படி ஒரு நாள் வந்தால் கோப்புதான் துணை.

ஆனால் சார், கோப்பைவிட முக்கியம் உங்கள் கதவு. ஓரியண்டேஷனில், விமானத்திலிருந்து இறங்கி இரண்டு நாள் ஆன, கண் சொருகும் பிள்ளையிடம் எல்லா விதியையும் ஒரே மணி நேரத்தில் கொட்டிவிட்டு "சொன்னோமே" என்று நிற்பது உதவி இல்லை. வாடகை ஒப்பந்தம் முடியும் ஆகஸ்டில் "வீடு மாறினீர்களா?" என்று ஒரு வரி அனுப்புங்கள். டிராப் கெடுவுக்கு ஒரு வாரம் முன்னால் "எங்களிடம் கேட்காமல் விடாதீர்கள்" என்று ஒரு வரி. பட்டம் முடியும் செமஸ்டரில், படிப்பு முடியும் தேதிக்கு 90 நாள் முன்பிருந்து ஓபிடிக்கு விண்ணப்பிக்கலாம், முடிந்து 60 நாளோடு வாய்ப்பு போய்விடும் என்று ஒரு வரி. அந்தந்த நேரத்தில் வரும் ஒரு வரியைப் படிப்பார்கள். கேட்க வருகிற பிள்ளை திட்டு வாங்கிப் போனால், அடுத்த முறை வாட்சப் குழுவில் கேட்டுவிட்டு முடிவெடுப்பான்.

புதுக்கோட்டையார்

ஐந்து கோப்பு எடுத்தேன். இரண்டில் முகவரி பழையது, ஒன்றில் குறைந்த சுமைக்கான மருத்துவர் கடிதமே இல்லை. மாணவியைக் கூப்பிட்டுக் கேட்டதும் அவளே தன் போனிலிருந்து எடுத்து அனுப்பினாள். நிர்வாகத்திடம் இன்னோர் ஆளுக்குக் கேட்டிருக்கிறேன்.

வைகை_வடகரை

பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்ப டிக்கெட் போட்டிருக்கிறேன். ஐ-20 இரண்டாம் பக்கத்தில் பயணக் கையெழுத்து போன மார்ச்சில் வாங்கியது. நான் இப்போது ஓபிடியில். ஒரு வருடம் செல்லும் என்று நண்பன் சொல்கிறான், சரியா?

பொன்னிக்கரை

படிக்கும்போதுதான் ஒரு வருடம். ஓபிடியில் ஆறு மாதமே, அதனால் மார்ச் கையெழுத்து செப்டம்பரோடு போய்விட்டது. புதியது வாங்காமல் கிளம்பாதீர்கள். கூடவே இஏடி கார்டும் கம்பெனியிலிருந்து வேலைக் கடிதமும் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டியில் போடாதீர்கள். விசா ஸ்டாம்பிங் காலாவதியாகியிருந்தால் அது தனிக் கதை, சென்னையில் ஸ்லாட் கிடைக்கிறதா என்று பார்த்த பிறகு டிக்கெட்டை உறுதி செய்யுங்கள். டிசம்பர் நடுவில் பல அலுவலகங்கள் பூட்டிவிடுவார்கள், இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.